கூட்டத்தின் ஓரத்தில்

அன்புள்ள ஐயா,

தென் அமெரிக்காவின் பெரிய கொறிவிலங்கான கேபிபராவின் முதுகில் பறவைகள் அமர்ந்திருக்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் அமைதியடைகிறது. காட்டிலும் அவை சண்டையே இல்லாமல்தான் வாழ்கின்றனவா? எல்லா உயிர்களோடும் எப்படி நட்பாகப் பழகுகின்றன?

செல்வி

அன்புள்ள செல்வி,

பறவைகள் உண்ணிகளையும், புல்லில் இருந்து கிளம்பும் பூச்சிகளையும் தேடி வருகின்றன. குட்டிகளைக் கொத்த வரும் காரகாரா வல்லூறும் பறவைதான். நட்பைப் பற்றிய கேள்வியை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

‘சண்டையே இல்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சில நாட்களாக நானும் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் 10 முதல் 20 கேபிபராக்கள் இருக்கும். பெண்கள் ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுக்கும். அதை நேரில் கண்டால் உங்கள் கண் நிறைந்துவிடும். ஆனால் அதே கூட்டத்தில், மூக்கின் மேல் மயிரற்றுப் புடைத்த வாசனைச் சுரப்பியைக் கொண்ட தலைமை ஆண், மற்ற ஆண்களை நாள் முழுதும் துரத்திக்கொண்டே இருக்கிறது. துரத்தப்பட்டது எதிர்த்து நிற்காமல் விலகிப்போவதால்தான் ரத்தம் சிந்துவது அரிதாக இருக்கிறது. நடுவில் படுத்திருப்பவற்றை மட்டும் பார்த்துவிட்டு அமைதி என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம், செல்வி. பார்க்கத் தெரிந்தவர் நீங்கள், இப்படி எழுதலாமா?

இவ்வளவு துரத்தப்பட்டும் அந்த ஆண்கள் ஏன் போவதில்லை? புல்லும் நீரும் உள்ள இடங்களையெல்லாம் ஏதாவது ஒரு கூட்டம் பிடித்து வைத்திருக்கிறது. தனித்துப் போனால் பிழைப்பது கடினம். இன்னொரு காரணமும் உண்டு. இணைசேர்தல் நீரில் நடக்கிறது. தலைமை ஆண் ஒன்றைத் துரத்தும் நேரத்தில் இன்னொன்று பெண்ணை நெருங்கிவிடும். வெனிசுவேலாவின் யானோஸ் சமவெளியில் ஆய்வுசெய்தவர்கள், தனித்தனியாகப் பார்த்தால் தலைமை ஆணே முந்தினாலும், ஓரத்துக்குத் துரத்தப்பட்ட ஆண்களின் இணைசேர்தல்களைச் சேர்த்துக் கூட்டினால் அவையே மிகுதி என்று கண்டார்கள்.

அந்தச் சமவெளியில் ஒரு கோடையில், வற்றிக்கொண்டிருந்த குட்டையைச் சுற்றிப் பல கூட்டங்கள் நெருங்கிக் கிடந்தபோது, காது கிழிந்த ஓர் ஆணை மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து முறை நீரை நோக்கி வந்தது. ஐந்து முறையும் விரட்டப்பட்டுப் புல்லோரத்தில் படுக்காமல் நின்றது. இருட்டும் வேளையில் குரைப்பு போன்ற எச்சரிக்கை ஒலி எழுந்தது. குட்டிகள் உட்பட மொத்தக் கூட்டமும் நீரில் பாய்ந்தது. குரல் கொடுத்தது அந்தக் காது கிழிந்த ஆண்தான். அது கடைசியாக நீரில் இறங்கியது. அங்கும் மற்றவற்றிலிருந்து தள்ளியே மிதந்தது.