எட்டுப் படங்களும் மூன்று சுழியும்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஃப்ரிட்ஜில் கண்ணெதிரே இருக்கும் தயிர் டப்பாவை "இல்லையே அம்மா" என்பாள். போர்டைப் பார்த்து எழுதும்போது நடுவில் ஒரு வரி காணாமல் போகிறது. ஆங்கிலத்தில் சின்ன ‘பி’யையும் (b) ‘டி’யையும் (d) மாற்றி எழுதுகிறாள், தமிழில் ன, ண குழப்பம். துபாயிலிருந்து வந்த என் நாத்தனார் ‘டாபிள்’ என்ற வட்டச் சீட்டு விளையாட்டை வாங்கி வந்தார். தினமும் விளையாடினால் ‘விஷுவல் பெர்செப்ஷன்’ வளர்ந்து எழுத்துக் குழப்பம் தீர்ந்துவிடும் என்கிறார். ஆனால் ஒன்பது வயது அண்ணனே எப்போதும் ஜெயிக்கிறான். இவள் அழுது சீட்டைத் தூக்கி எறிகிறாள். மூன்று சீட்டு தொலைந்தும் போயிற்று. இனி அதை விளையாட முடியுமா? உண்மையில் இது உதவுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் நாத்தனார் சொன்னதில் பாதி சரி. தயிர் டப்பா விஷயத்துக்கு அந்தச் சீட்டு உதவும். ‘பி–டி’ குழப்பத்துக்கு உதவாது. சொல்லப்போனால் அந்த விளையாட்டு பழக்கப்படுத்துவது நேர் எதிரான ஒன்றை.

அதற்கு முன், மகளைக் கண் மருத்துவரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதே தெரியாது. எல்லாருக்கும் போர்டு அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு கண் மட்டும் சோம்பிப்போயிருந்தால் இன்னும் மோசம், மற்றக் கண் சமாளித்துக்கொள்வதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. இதற்கான சிகிச்சை சின்ன வயதில்தான் நன்றாகப் பலிக்கும். பள்ளியில் சார்ட்டைக் காட்டிப் படிக்கச் சொன்னது போதாது. சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் பரிசோதனையாகக் கேட்டுச் செய்யுங்கள். சீட்டு விளையாட்டெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, கண் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கண்ணில் விழுவது வேறு, விழுந்ததில் வேண்டியதைப் பிரித்தெடுப்பது வேறு. நாத்தனார் சொன்ன ‘விஷுவல் பெர்செப்ஷன்’ இந்த இரண்டாவது வேலை. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். ஒரு நேரத்தில் நம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிவது ஏறக்குறைய அந்த நகத்தின் அளவு இடம்தான். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் வினாடிக்கு மூன்று நான்கு தடவை தாவித் தாவிப் பார்க்கிறது. பெரியவர்களுக்கு அந்தத் தாவலில் ஒரு ஒழுங்கு இருக்கும். குழந்தைக்கு அது இன்னும் படியவில்லை. மேல் தட்டைப் பார்த்த கண் ஜாம் பாட்டிலின் சிவப்பு மூடிக்குத் தாவும், அங்கேயே நின்றுவிடும். தயிர் டப்பா இருக்கும் இடத்துக்குக் கண் போகவே இல்லை. "இல்லையே அம்மா" என்பது பொய்யும் இல்லை, அலட்சியமும் இல்லை.

டாபிள் நல்ல சாமான் என்று நான் நினைப்பது இதனால்தான். 2009இல் பிரான்சில் வெளிவந்தது. 55 சீட்டு, ஒவ்வொன்றிலும் 8 படம், மொத்தம் 57 வகைப் படங்கள். எந்த இரண்டு சீட்டை எடுத்தாலும் ஒரே ஒரு படம் பொதுவாக இருக்கும், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அதை முதலில் கண்டுபிடித்துச் சொல்வதுதான் விளையாட்டு. (பின்னால் இருப்பது சுத்தமான கணக்கு. 1976இலேயே ழாக் கோத்தரோ என்ற பிரெஞ்சுக்காரர் பூச்சிப் படங்களை வைத்து 31 சீட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்.) சீக்கிரம் சோர்ந்துபோகும் பிள்ளைக்கு இந்த உத்தரவாதம் பெரிய விஷயம். "கண்டிப்பாக இருக்கிறது, தேடு" என்று நாம் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் தேடுவது எப்படி என்று சீட்டு சொல்லித்தராது. என்னிடம் வந்த ஒரு பையன் சீட்டைக் கையில் வாங்கியதும் ஸ்டியரிங் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தான். கண் பெரிய படத்தில் மட்டும் நின்றது, ஓரத்தில் இருந்த குட்டிப் படங்களுக்குப் போகவே இல்லை. சீட்டைத் தரையில் வைக்கச் சொல்லி, விரலால் ஒவ்வொரு படத்தையும் தொட்டுப் பெயர் சொல்லச் சொன்னேன். சாவி... பூட்டு... நாய்... எட்டும் சொன்ன பிறகு அடுத்த சீட்டைத் திருப்பினேன். மூன்றாவது படத்திலேயே "நாய்!" என்றான். உங்கள் மகளுக்கும் முதல் இரண்டு வாரம் இப்படியே ஆடுங்கள். இரண்டே சீட்டு, எதிராளி கிடையாது, கடிகாரம் கிடையாது. பத்து நிமிடம் போதும். அதே விரலை அப்படியே ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுபோங்கள்: மேல் தட்டு, இடமிருந்து வலம், அப்புறம் அடுத்த தட்டு. இந்தக் கடைசி வேலையைச் செய்யாவிட்டால் பிள்ளை சீட்டில் கெட்டிக்காரியாகிவிடுவாள், தயிர் டப்பா மட்டும் காணாமலே இருக்கும்.

அண்ணன் பிரச்சினை சுலபம். சீட்டுகளைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து அவனிடம் கொடுங்கள். டாபிளில் ஒரு படம் எந்தச் சீட்டில் வந்தாலும் அதே நிறத்தில்தான் வரும். நிறம் சட்டென்று கண்ணில் படும், உருவத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிறம் போனால் அவன் வேகமும் குறையும். தங்கை வண்ணச் சீட்டில் ஆடட்டும். இதிலும் அவனே ஜெயித்தால், எட்டுப் படத்தின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்லலாம் என்று அவனுக்கு மட்டும் ஒரு விதி போடுங்கள்.

இப்போது ‘பி–டி’. டீ கப்பின் காது இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது அதே கப்தான். நாய் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அதே நாய். பிறந்ததிலிருந்து பிள்ளையின் மூளை கற்றுக்கொண்டது இதைத்தான். திடீரென்று பள்ளிக்கூடத்தில், வட்டம் கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் ஒரு எழுத்து, இடப்பக்கம் இருந்தால் வேறு எழுத்து என்கிறோம். ஏழு வயது வரை இதில் தடுமாறுவது சகஜம். டாபிளிலோ ஒரு படம் ஒரு சீட்டில் நிமிர்ந்தும், இன்னொன்றில் தலைகீழாகவும், பெரிதாகவும் சிறிதாகவும் வரும். "திசையைப் பார்க்காதே, அளவைப் பார்க்காதே, பொருளைப் பார்" என்பதுதான் அதன் பாடம். எழுத்துக்கு வேண்டியது திசையைப் பார்க்கும் கண். அதற்குக் கடையில் வாங்க வேண்டாம், வீட்டிலேயே சீட்டு செய்துவிடலாம்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரே அளவில் 13 சதுரம் வெட்டுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கோடு போடுங்கள், அந்தக் கோடு எப்போதும் பிள்ளையின் பக்கமே இருக்க வேண்டும், சீட்டைச் சுற்றக் கூடாது. கப், மீன், வாத்து, சாவி, செருப்பு, சைக்கிள் என்று ஆறு பொருள். ஒவ்வொன்றும் இடப்பக்கம் பார்த்து ஒன்று, வலப்பக்கம் பார்த்து ஒன்று, ஆக 12 படம். பதின்மூன்றாவதாக ஒரு பந்து. இவற்றுக்கு 1 முதல் 13 வரை எண் கொடுங்கள். முதல் சீட்டில் 1, 2, 4, 10 ஆகிய படங்களை வரையுங்கள். அடுத்ததில் எல்லாவற்றிலும் ஒன்று கூட்டி 2, 3, 5, 11. இப்படியே போங்கள். 13ஐத் தாண்டினால் மறுபடி 1. ஐந்தாவது சீட்டு 5, 6, 8, 1 என்று வரும், கடைசிச் சீட்டு 13, 1, 3, 9. எந்த இரண்டை எடுத்தாலும் சரியாக ஒரு படம் பொருந்தும். ஆனால் வலப்பக்க மீனுக்கு இடப்பக்க மீன் ஜோடி இல்லை. பிள்ளை முதல் நாள் கட்டாயம் ஏமாறுவாள். "இந்த மீன் எந்தப் பக்கம் போகுது?" என்று மட்டும் கேளுங்கள். இது பழகிய பிறகு மீனுக்குப் பதிலாக எழுத்துகளை எழுதி இன்னொரு கட்டு செய்யலாம்.

தமிழுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. நம் எழுத்துகளில் கண்ணாடியில் பார்த்தது போன்ற ஜோடி அபூர்வம், குழப்பம் பெரும்பாலும் சுழியிலும் கொம்பிலும்தான். அதற்கு நம் வாத்தியார்களே வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. எங்கே பார்க்க வேண்டும், எதை எண்ண வேண்டும் என்று பெயரிலேயே இருக்கிறது. மகள் எழுதும்போது சுழியை வாய்விட்டு எண்ணட்டும். கெ, கே இரண்டுக்கும் கொம்பின் மேல் பகுதியில் விரல் வைத்துப் பார்க்கட்டும்.

போர்டில் வரி தவறுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். நிமிர்ந்து பார்த்துக் குனிவதற்குள் படித்தது மறந்துபோகும். இரண்டு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். முன் பெஞ்சில் உட்காரவைக்கும்படி டீச்சரிடம் கேளுங்கள்.

வாசிப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நாத்தனாருக்குப் பிடிக்காவிட்டாலும். 1960களில் அமெரிக்காவில் மரியான் ஃப்ராஸ்டிக் என்பவர் பார்த்தறியும் திறனை ஐந்து வகையாகப் பிரித்துச் சோதனையும் பயிற்சித்தாள்களும் தயாரித்தார். பள்ளிகளில் அது வெகுவாகப் பரவியது. அப்புறம் நடந்த ஆய்வுகளில், அந்தப் பயிற்சியால் வாசிப்பு தேறியதாக நிரூபணம் கிடைக்கவில்லை. 2009இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும், டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாட்டுக்குக் கண் பயிற்சி தீர்வு என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. வாசிப்புச் சிக்கல் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. "பம்பரம்" என்ற சொல்லில் முதல் சத்தம் என்ன, "கல்"லோடு ஒலி சேரும் சொல் எது என்று விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள். அங்கே திணறினால், அல்லது இரண்டாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் தடுமாறினால், சீட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். மாதப் பேக்கேஜ் போட்டுக் கண் பயிற்சி விற்பவர்களிடம் போவதற்கு முன் அங்கே போங்கள்.

தொலைந்த மூன்று சீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கணக்குப்படி 57 சீட்டு வரை போடலாம், கம்பெனியே 55தான் போட்டிருக்கிறது. மீதி 52இல் எந்த இரண்டை எடுத்தாலும் இன்னமும் ஒரு படம் பொருந்தும். அண்ணன் தலையணைக்கு அடியில் மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.