வெளிநாட்டு உணவகங்களில் முதலில் புரியாமல் போய், பிறகு உங்களுக்குப் பிடித்துப்போன வழக்கம் எது?

யோசிக்காமல் சொல்வேன்: பில். அது எப்போது வருகிறது, அதில் என்னென்ன சேர்ந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தால், அந்த ஊர்க்காரர்கள் சாப்பாட்டு மேசையை என்னவாக நினைக்கிறார்கள் என்பது பிடிபட்டுவிடும்.

பொருள்களைப் பொட்டலம் கட்டும் பேக்கிங் இயந்திரங்களைத் தொழிற்சாலைகளில் நிறுவிக் கொடுப்பது என் வேலை. ஓர் ஊருக்குப் போனால் மூன்று நான்கு வாரம் தங்க வேண்டியிருக்கும். மூன்று வேளையும் வெளிச் சாப்பாடுதான். சுற்றுலாப் பயணியாக இரண்டு நாள் போனால் கண்ணில் படாத விஷயங்கள், ஒரே கடையில் பத்து இரவு சாப்பிடும்போது தெரிய ஆரம்பிக்கும்.

முதல் பாடம் இத்தாலியில், போலோன்யாவில். பயிற்சிக்காகப் போயிருந்தேன். இரவு எட்டு மணிக்கு ஒரு சின்னக் கடையில் தனியாக உட்கார்ந்தேன். இறைச்சிக் குழம்பில் பிரட்டிய தாலியாத்தெல்லே என்ற நாடா போன்ற பாஸ்தா வந்தது, சாப்பிட்டேன், தட்டை எடுத்துப் போனார்கள். மேசை விரிப்பில் சிதறிக் கிடந்த ரொட்டித் துகள்களைச் சர்வர் ஒரு சின்ன உலோகத் தகட்டால் வழித்து எடுத்தார். அதற்குப் பிறகு யாரும் என் பக்கமே வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். தனியாக வந்த வெளிநாட்டுக்காரன் என்பதால் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள் என்று நினைத்து, உள்ளுக்குள் கொதித்துப்போய், எழுந்து கல்லாவுக்கே போய்ப் பணம் கட்டினேன். அங்கே இருந்த வயதான அம்மாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்டார். பில்லுக்காக இவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்றதும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைத்தால் வந்தவரை எழுந்து போகச் சொல்வது போல ஆகிவிடும், நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம் என்றார். இன்று இரவு முழுக்க அந்த மேசை உங்களுடையது, நீங்கள் எழுந்தாலும் வேறு யாரையும் அதில் உட்கார வைக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

நான் அவமதிப்பு என்று நினைத்தது அவர்கள் கொடுத்த மரியாதை. அன்றிலிருந்துதான் பில்லைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

இத்தாலியில் அந்த மேசைக்கென்றே பில்லில் ஒரு வரி இருக்கும்: கோப்பெர்த்தோ. ஆளுக்கு ஒன்றிலிருந்து மூன்று யூரோ வரை. விரிப்பு, தட்டு, ரொட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து என்பார்கள். ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போடும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மெனு அட்டையிலேயே அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும், உட்காரும்போதே பார்த்துக்கொள்ளலாம். ரோம் இருக்கும் லாட்சியோ பகுதியில் மட்டும் 2006ஆம் ஆண்டின் பிராந்தியச் சட்டம் இதைத் தடை செய்கிறது. அதனால் அங்கே அதே தொகை ரொட்டிக்கான விலையாக, ‘பானே’ என்ற பெயரில் வருவதைப் பார்க்கலாம். காபிக் கடையிலும் இதே கணக்குதான். நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் கூடுதல் விலை. காபி ஒன்றேதான், நாற்காலிக்குத்தான் அந்தக் காசு.

ஸ்பெயினில் இந்த உட்காருதலுக்குப் பெயரே இருக்கிறது: சோப்ரெமேசா. சாப்பிட்டு முடித்த பிறகு எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருக்கும் நேரம். மதியச் சாப்பாடே இரண்டு மணிக்கு மேல்தான் தொடங்கும். இரவு ஒன்பதுக்கு முன்னால் போனால் பல கடைகளில் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள். இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்டால் பல காரணம் சொல்வார்கள். எனக்கு ஞாயமாகப் படுவது கடிகாரம்தான். 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது. அதைத் திருப்பி வைக்கவே இல்லை. கடிகாரம் இரண்டு காட்டினாலும் சூரியனைப் பார்த்து நடக்கும் வயிற்றுக்கு அது ஒரு மணிதான்.

இதையெல்லாம் பழகிக்கொண்டு அமெரிக்கா போனால் எல்லாம் தலைகீழ். ஓஹையோவில் ஒரு வாரம் வேலை. முதல் இரவு, கடைசி வாய் இன்னும் மென்றுகொண்டிருக்கும்போதே பில் மேசைக்கு வந்துவிட்டது. ‘அவசரமே இல்லை, மெதுவாகப் பாருங்கள்’ என்று சிரித்தபடி வைத்துவிட்டுப் போனார் அந்தப் பெண். போலோன்யாவில் கற்றதை வைத்துப் பார்த்தால் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே நீங்கள் கேட்டுக் காத்திருக்கும்படி வைப்பதுதான் குறை. அதோடு, உள்ளே ஒரு கூலிக் கணக்கும் இருக்கிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியர்களுக்கு மத்திய அரசுச் சட்டப்படி முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது மாறவில்லை. பொதுவான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். நடுவில் இருக்கும் பள்ளத்தை டிப்ஸ் நிரப்ப வேண்டும், நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் முழுக் கூலியையும் முதலாளியே தர வேண்டும் என்று வைத்திருக்கின்றன. மற்ற பல இடங்களில் அந்தப் பெண்ணின் வருமானம், ஒரே இரவில் அவருடைய மேசைகளில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இது தெரிந்த பிறகு 20 சதவீதம் எழுதும்போது எனக்குக் கை கூசுவதில்லை. டிப்ஸ் நம் இஷ்டம்தானே என்று வாதாடுகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: அந்த முறை தவறு என்றால் அதை மாற்ற வேண்டிய இடம் வேறு. அதற்கான தண்டனையைச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தவரின் தலையில் இறக்காதீர்கள். எனக்கே அந்த முறை பிடிக்கவில்லை, ஆனாலும் முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

பிரான்ஸில் சேவைக்கான தொகை விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும், மனசிருந்தால் சில்லறை வைக்கலாம். ஜப்பானில் வைக்கவே கூடாது. மறந்துவிட்டுப் போனீர்கள் என்று நினைத்துத் தெருமுனை வரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, காகிதமே இல்லாத பில்கள். ஜெர்மனியில் கொலோன் நகரத்தின் பழைய மதுக்கடைகளில் கோல்ஷ் என்ற பீரை 0.2 லிட்டர் பிடிக்கும் ஒல்லியான கண்ணாடிக் குவளையில் கொடுப்பார்கள். காலியானால் நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை, அடுத்தது வந்துவிடும். ஒவ்வொரு குவளைக்கும் அதன் அடியில் இருக்கும் வட்ட அட்டையில் பென்சிலால் ஒரு கோடு. போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் குவளையின் வாய்மேல் மூடி வைத்துவிட வேண்டும். வாயைத் திறக்க வேண்டாம், சர்வருக்குப் புரிந்துவிடும். கடைசியில் கோடுகளை எண்ணிப் பணம் வாங்குவார். அந்த ஈரம் படிந்த அட்டைதான் பில். இப்படிச் சொல்லாமலே வந்து வைப்பவரை அங்கே கோபெஸ் என்று அழைக்கிறார்கள். நீல அங்கி, இடுப்பில் தோல் பை. கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் பேசுவார், அதை அந்த ஊர்க்காரர்கள் ரசிப்பார்கள்.

வட ஸ்பெயினில் சான் செபாஸ்தியானில் குச்சிதான் கணக்கு. மதுக்கடையின் நீண்ட மேடையில், ரொட்டித் துண்டுமேல் நெத்திலி, மிளகாய், மீன் என்று ஏதோ ஒன்றை அடுக்கிக் குச்சியால் குத்தி வைத்திருப்பார்கள். பின்ச்சோ என்று பெயர். பழைய பாணிக் கடைகளில் வேண்டியதை நீங்களே எடுத்துத் தின்றுவிட்டு, குச்சிகளைத் தட்டிலேயே விட்டுவைத்தால் எண்ணிப் பார்த்துப் பணம் வாங்குவார்கள். ஜப்பானின் சுழலும் சுஷிக் கடைகளில் தட்டின் நிறம்தான் விலை, அடுக்கி வைத்த தட்டுகளை எண்ணினால் முடிந்தது. ஆவியில் வெந்த சின்னச் சின்னப் பலகாரங்களான திம்சம் விற்கும் ஹாங்காங்கின் பழைய கடைகளில் மேசையில் ஓர் அட்டை இருக்கும். மூங்கில் கூடை ஒவ்வொன்று வரும்போதும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று அதில் முத்திரை குத்திவிட்டுப் போவார்கள்.

குச்சி முறையில் ஒன்றிரண்டை ஒளித்துவிட முடியாதா என்று கூட வந்த சக ஊழியர் கேட்டார். முடியும்தான். அத்தனை பேர் கூடும் கடையில் யாரும் பின்னால் நின்று பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டியது நாம்தான்.

கேட்காமலே மேசைக்கு வருகிற தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தடுமாறுவது இங்கேதான். கொரியாவில் உட்கார்ந்த உடனே கிம்ச்சி, கீரை, ஊறுகாய் வகைகள் என்று சின்னச் சின்னக் கிண்ணங்கள் வரிசையாக வரும். பான்சான் என்பார்கள். காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடியும் வைப்பார்கள். ஜப்பானில் இஸகாயா எனப்படும் இரவு மதுக்கடைகளிலும் உட்கார்ந்ததும் ஒரு சின்னக் கிண்ணம் வரும். அதற்குப் பெயர் ஓதோஷி, பெரும்பாலும் ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே மாதிரி கிண்ணம், ஆனால் ஒன்று இலவசம், இன்னொன்று இருக்கைக்கான விலை. ஓதோஷி வந்தால் முகம் சுளிக்காதீர்கள். இத்தாலியின் கோப்பெர்த்தோவும் அதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஓதோஷியில் கையில் ஒரு வாய் சாப்பாடாவது கிடைக்கிறது.

சிங்கப்பூரில் கொஞ்சம் நல்ல உணவகத்துக்குப் போனால் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 சதவீத வரி. 100 டாலர் சாப்பாடு 119.90 டாலராகக் கைக்கு வரும். அங்காடி மையங்கள் எனப்படும் மலிவான உணவுக்கூடங்களில் இந்தத் தொல்லை இல்லை. காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்து இடம் பிடித்துவிட்டு, பிறகு போய்க் காசைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பொட்டலத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். ஆனால் சாப்பிட்ட தட்டை நீங்கள்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறார்கள், முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் அபராதம்.

சரி, யார் கொடுப்பது? ஜெர்மனியில் பில் வரும்போதே சேர்த்தா தனித்தனியா என்று கேட்டுவிடுவார்கள். தனித்தனி என்றால் அவரவர் குடித்த தண்ணீர் வரைக்கும் பொறுமையாகப் பிரித்துச் சொல்வார்கள், யாருக்கும் சங்கடமில்லை. சீனாவில் அப்படிக் கேட்டால் கூட இருப்பவர்கள் திடுக்கிடுவார்கள். குவாங்சோவில் ஒரு விருந்தில் இரண்டு பேர் பில்லுக்காக நிஜமாகவே மல்லுக்கட்டியதைப் பார்த்தேன். ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்து இழுத்தார். மூன்றாமவர் கழிவறைக்குப் போவது போல எழுந்து போய் முன்பே கட்டிவிட்டிருந்தார். ஈரானில் சின்னக் கபாப் கடைக்காரர்கூடப் பணத்தை நீட்டினால் ‘காபெல் நதாரே’ என்பார். உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்று அர்த்தம். தாரோஃப் என்கிற உபசார முறை அது. இரண்டு மூன்று தடவை வற்புறுத்திக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். உண்மையிலேயே இலவசம் என்று நம்பி நடந்துவிடாதீர்கள்.

ஆனால் என்னை மொத்தமாக மாற்றியது எத்தியோப்பியா. ஆடிஸ் அபாபாவில் வேலை முடிந்த கடைசி நாள், அது ஒரு புதன்கிழமை. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள், இறைச்சியும் பாலும் கிடையாது. நாங்கள் ஐந்து பேர். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எல்லோர் கையிலும் ஊற்றினார்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய தட்டு. டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்செரா, தட்டின் ஓரம் வரை விரிந்திருந்தது. அதன்மேல் பருப்பு, கடலை மாவுக் கூழ், கீரை, பீட்ரூட் என்று குவியல் குவியலாக. இதில் எது என் பங்கு, எது அவர் பங்கு? அங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை. வலது கையால் இஞ்செராவைக் கிழித்து, அள்ளிச் சாப்பிட வேண்டியதுதான்.

தட்டில் குழம்பு ஊறிய அடிப்பகுதி மட்டும் மிஞ்சியிருந்தபோது, இன்றைக்கு நான்தான் கொடுப்பேன் என்று சொல்லிச் சட்டைப் பையில் கை வைத்தேன். குழுவில் மூத்தவரான மெக்கானிக், அறுபது வயதிருக்கும், என் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் இஞ்செராவில் பருப்பை வைத்து உருட்டி, நேராக என் வாயில் ஊட்டிவிட்டார். குர்ஷா என்று அதற்குப் பெயர், கூடச் சாப்பிடுகிறவர்மேல் இருக்கும் அன்புக்கு அடையாளம், மறுக்கக் கூடாது. உருண்டை பெரியது. நான் அதை மென்று விழுங்கிவிட்டுப் பேச வாயெடுத்தபோது, பில் எங்கே போனது, யார் கட்டினார்கள் என்று ஒருவரும் சொல்லத் தயாராக இல்லை.