வாங்கலாமா, வேண்டாமா? மாசிப்பத்திரியும் அதன் பெயரில் விற்கிற மற்றதும்

கேள்வி: விநாயகர் சதுர்த்திக்கு 21 இலை வேண்டும் என்று நடைபாதையில் ஒரு கட்டு வாங்கினேன். மாசிப்பத்திரி என்று கொடுத்ததைக் கிள்ளிப் போட்டதிலிருந்து கை முழுக்க அரிப்பு. மாசிப்பத்திரி அரிக்குமா?
– திருவொற்றியூர் வாசகி

உங்கள் தலையில் பார்த்தீனியத்தைக் கட்டிவிட்டார்கள் அம்மா, உங்கள் மேல் தப்பே இல்லை. கொருக்குப்பேட்டை தண்டவாளம் ஓரம், காலி மனை, எங்கே பார்த்தாலும் சும்மா வளர்கிற களை அது. இலை மாசிப்பத்திரி மாதிரியே வெட்டுப்பட்டு இருப்பதால், பண்டிகை நெருக்கடியில் அறுத்துக் கட்டி விற்றுவிடுகிறார்கள். அடுத்த முறை காசு கொடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். மாசிப்பத்திரிக்கு மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் பஞ்சு ஒட்டினது போல வெளுப்பு. பார்த்தீனியத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே பச்சை. பூ இருந்தால் இன்னும் சுலபம்: பார்த்தீனியம் பூ வெள்ளை, ஓரத்தில் ஐந்து குட்டி முனை தெரியும். மாசிப்பத்திரியில் இதழே தெரியாது, பழுப்பு மொட்டு மாதிரிதான் இருக்கும், தண்டில் பெரும்பாலும் ஊதாச் சாயம் ஓடும். கசக்கினால் கற்பூரம் மாதிரி காட்டமான வாசனை வரும், ஆனால் என்ன இலை என்று தெரியாமல் வெறும் கையால் கசக்காதீர்கள். பார்த்தீனியம் ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனவர்களுக்கு அதே குடும்பத்துச் சாமந்தியும், ஏன், அசல் மாசிப்பத்திரியும்கூட அரிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அடங்கவில்லை என்றால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாமந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. மாதவரம் பக்கம் ஒரு நர்சரியில் மாசிப்பத்திரி என்று சத்தியம் செய்து எனக்கு விற்ற செடி, தை மாதம் மஞ்சள் சாமந்தியாகப் பூத்தது. பூ நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

கேள்வி: பாரிமுனையில் அரை கிலோ காய்ந்த மாசிப்பத்திரி வாங்கினேன். பாதி வைக்கோல். பில் வாங்கவில்லை, கடைப் பெயர் ஞாபகம் இல்லை, பையையும் தூக்கிப் போட்டுவிட்டேன். யார் மீது புகார் கொடுப்பது?
– தண்டையார்பேட்டை

உங்கள் மீது.

கேள்வி: சாம்பிராணிக்குப் பதிலாக 'வெள்ளை சேஜ்' புகைக்கட்டு ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் நீளமான இலை. வந்ததோ நகம் அளவு சாம்பல் இலை, நுனியில் மூன்று பல். கேட்டால் "இதுவும் சேஜ்தான்" என்கிறார் விற்றவர்.
– பெரம்பூர் வாசகர்

அந்த மூன்று பல்லே போதும். உங்களுக்கு வந்திருப்பது சேஜ்பிரஷ், அமெரிக்காவின் மேற்கே வறண்ட நிலத்தில் வளர்கிற புதர், நம் மாசிப்பத்திரிக்குச் சொந்தம். இலை அடியில் குறுகி நுனியில் அகன்று, மூன்றாகப் பிரிந்திருக்கும். வெள்ளை சேஜ் கலிபோர்னியாப் பக்கத்துச் செடி, துளசி, புதினாக் குடும்பம். நீள இலை, பல் கிடையாது, எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். இரண்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது, "இதுவும் சேஜ்தான்" என்பது வாய்ச் சாமர்த்தியம். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று ஆன்லைன் விற்பனையாளர் சொல்ல முடியாது, 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் அது தெளிவாக இருக்கிறது. அவர்கள் படத்தை மாற்றுவதற்குள் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பக்கத்தில் இலையை வைத்து ஒரு போட்டோ. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 வருடத்துக்குள். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது.

கேள்வி: எங்கள் தெருவில் மலேரியா. நோபல் பரிசு வாங்கிய செடி என்று ஆர்ட்டெமிசியா பொடி 200 கிராம் பாக்கெட் விற்கிறார்கள். அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வியாசர்பாடி

கண்டுபிடிக்க முடியாது. இந்தப் பொடி வியாபாரத்தைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது, அதனால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஆர்ட்டெமிசியா என்பது மாசிப்பத்திரியும் அதன் சொந்தங்களும் சேர்ந்த இனத்தின் பொதுப் பெயர். முழுச் செடியாக இருந்தால் இந்த இனத்தைப் பிரித்துச் சொல்லிவிடலாம்: இலை இரண்டு பக்கமும் பட்டு மாதிரி வெள்ளிச் சாம்பல், பிரிவுகளின் நுனி மழுங்கல் என்றால் யூனானிக் கடையில் அப்சந்தீன் என்று விற்பது. நுனி கூர்மை, அடிப்பக்கம் மட்டும் வெளுப்பு என்றால் மாசிப்பத்திரி. இரண்டு பக்கமும் பச்சை, பொடிப்பொடியாக வெட்டின இலை, மிளகைவிடச் சின்னதாகத் தொங்குகிற மஞ்சள் மொட்டு என்றால் நீங்கள் சொல்லும் அந்தச் சீனச் செடி. நிறம், ரோமம், வெட்டு, பூ, இந்த நாலும்தான் அடையாளம், மிக்சியில் போட்டதும் நாலும் போச்சு, மிஞ்சுவது பச்சைத் தூள். அதில் வேலியோரத்துப் புல்லை அரைத்துக் கலந்தாலும் நீங்களும் நானும் என்ன செய்வோம்? எனக்கும் ஒரு தடவை அப்சந்தீன் பொடி என்று ஒரு டப்பா வந்தது. அந்தச் செடிக்குப் பேரே கசப்புக்குத்தான், டப்பாவில் இருந்ததோ நாக்கில் வைத்தால் மருதாணித் தூள் மாதிரி சப்பென்று இருந்தது. இலையாக விற்கத் துப்பு இல்லாதவன்தான் பொடியாக விற்கிறான் என்று நான் நினைப்பேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. 2015-இல் சீன விஞ்ஞானி து யூயூவுக்கு நோபல் கிடைத்தது அந்தச் செடியிலிருந்து ஆர்ட்டெமிசினின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்ததற்கு, டீ போட்டுக் குடித்ததற்கு அல்ல. இலை, டீ, பொடி எந்த உருவத்திலும் மலேரியாவுக்கு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. காய்ச்சல் என்றால் மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ரத்தப் பரிசோதனை இலவசம். மாடித் தண்ணீர்த் தொட்டியையும் மூடுங்கள், நம் ஊர் மலேரியாக் கொசு முட்டையிடுவது அங்கேயும்தான்.

கேள்வி: பேரனுக்குப் பூச்சி. கிர்மாணி ஓமம் கேட்டேன், குரோசாணி ஓமம்தான் இருக்கிறது, இரண்டும் ஒன்று என்று கொடுத்தார்கள். எவ்வளவு கொடுக்கலாம்?
– மண்ணடி, ஒரு பாட்டி

ஒரு சிட்டிகைகூடக் கொடுக்காதீர்கள் அம்மா, பொட்டலத்தைக் குழந்தை கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு மேலே படியுங்கள். குரோசாணி ஓமம் ஊமத்தை வகையறா, விஷம். வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, பிள்ளை பிதற்ற ஆரம்பித்துவிடும். அந்த விதை சாம்பல் பழுப்பில், சிறுநீரக வடிவத்தில், மேலே குழிகுழியாக இருக்கும். கிர்மாணி ஓமம் விதையே இல்லை, மாசிப்பத்திரிச் சொந்தத்தின் விரியாத மொட்டு, செதில் செதிலாக நீளமாக இருக்கும். சமையல் ஓமத்துக்கு வரி இருக்கும். கிர்மாணியே கிடைத்தாலும் வேண்டாம், அதில் உள்ள சாண்டோனின் அளவு மீறினால் கண்ணில் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை சும்மா கொடுக்கிறார்கள். கடைக்காரர் செய்தது சின்னத் தப்பு அல்ல, பில் இருந்தால் எனக்கு எழுதுங்கள், புகார் எழுத நானே உதவுகிறேன்.

கேள்வி: '100 சதவீதம் சுத்தம்' தவனத் (மரிக்கொழுந்து) தைலம், பாதி விலை. வாங்கலாமா?
– ராயபுரம்

வேண்டாம்.

கேள்வி: நர்சரியில் மரிக்கொழுந்துச் செடி வாங்கினேன். நாலே மாதத்தில் பூத்து, காய்ந்து, செத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– கொடுங்கையூர்

அதன் ஆயுசே அவ்வளவுதான் சார். சாம்பல் நிறத்தில் பொடிசாக வெட்டின இலை, மாற்றி மாற்றி முளைக்கிறது, கசக்கினால் பழ வாசனை என்றால் உங்களுக்குக் கொடுத்தது அசல் மரிக்கொழுந்துதான், நர்சரிக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. வெட்டே இல்லாத முட்டை வடிவக் குட்டி இலை, நாலு பட்டைத் தண்டு என்றால் அது மருவு, அப்போது போய்ச் சண்டை போடலாம். ஐப்பசி மழை முடிந்ததும் புதுச் செடி வாங்கி வையுங்கள், வெயில் ஏறுவதற்குள் பூத்துவிடும்.