வினைல் ஒரு பக்கமா ஒதுங்குது, என்ன பண்றது?

கேள்வி: அண்ணே, திருப்பூர் பக்கம் சின்னதா பிளக்ஸ் கடை வச்சிருக்கேன், அஞ்சடி எக்கோ சால்வென்ட் மிஷின் (சால்வென்ட் இங்க்ல ஸ்டிக்கர், பேனர் அடிக்கிற பிரிண்டர்). சின்ன பிரிண்ட்டெல்லாம் நல்லா வருது, ஆனா ஏழெட்டு மீட்டர் தொடர்ந்து வினைல் (ஸ்டிக்கர் ஷீட்) ஓட்டுனா ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி, ஓரம் தூக்கிக்கிட்டு இங்க் தெளிக்கிற ஹெட்ல உரசுது. மெக்கானிக் பாத்துட்டு மிஷின்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு.

பதில்: தம்பி, அவர் சொன்னது சரியாத்தான் இருக்கும், நீங்க ரோல் ஏத்துற விதத்தப் பாக்கணும். ஒரு மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் கோணலா ஏறியிருந்தா கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அதுவே எட்டாவது மீட்டர் வரும்போது 16 மில்லிமீட்டர் ஆயிடும், அதான் சின்ன பிரிண்ட்ல எல்லாம் தப்பிச்சிடுறீங்க.

மொதல்ல ஹீட்டர ஆஃப் பண்ணிட்டு ஏத்துங்க. நீங்க சரிபண்ணிக்கிட்டு நிக்கிற அஞ்சு நிமிஷம் வினைல் சூடான தகட்டு மேலயே கெடந்தா அலை அலையா தூக்கிக்கும், அந்த அலையிலதான் ஹெட் போய் அடிக்கும். அடுத்து ரோல் ரெண்டு முனையிலயும் இருக்குற ஸ்டாப்பர் ஆடாம இருக்கணும். வினைல உள்ள விட்டுட்டு முன்னாடி ஒரு மீட்டர் இழுங்க, ஓரத்தப் புடிச்சு இழுக்காம நட்ட நடுவுல ஒரே கையால இழுங்க, அப்பதான் ரெண்டு பக்கமும் ஒரே டென்ஷன் வரும். எங்கயாச்சும் தொளதொளன்னு இருந்தா அப்படியே ரோலர அழுத்துற லிவர எறக்கிடாதீங்க, திரும்ப ரோல்ல சுத்திட்டு மறுபடி இழுங்க. வினைல மேல இருந்து அழுத்திப் புடிக்கிற பிஞ்ச் ரோலர் ஒவ்வொண்ணும் கீழ இருக்குற சொரசொரப்பான ரோலர் மேல முழுசா உக்காரணும், ஓரத்துல பாதி வெளிய தொங்குனா அந்தப் பக்கம் புடிமானம் கம்மியாகி ரோல் திரும்பிடும்.

இதுக்கப்புறம் பெரும்பாலான கடைல செய்யாத வேலை ஒண்ணு இருக்கு. வினைல் ஓரத்த ஒட்டி தகட்டு மேல மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டிட்டு, பிரிண்ட் குடுக்காம மூணு மீட்டர் முன்னாடி ஃபீட் பண்ணுங்க, ஓரம் அந்த டேப்ப விட்டு வெலகுதா இல்ல மேல ஏறுதான்னு பாருங்க. வெலகுனா லிவரத் தூக்கி மொதல்ல இருந்து. அசையலைன்னா ரோல பின்னாடி சுத்திட்டு தைரியமா வேலையப் போடலாம். நானும் ஒருதடவ ராத்திரி அவசரத்துல இத விட்டுட்டு 12 மீட்டர் வேலைய ஓட விட்டேன், பத்தாவது மீட்டர்ல ஓரம் மடங்கி ஹெட் அடிச்சு ஒரு கலர் பாதி நாசில் (இங்க் வர்ற ஓட்டை) போயிடுச்சு, புது ஹெட்டே போட வேண்டியதாச்சு. அந்த வலி இன்னும் இருக்கு, அதான் இவ்வளவு சொல்றேன்.

பிரிண்ட் ஆனத சுத்திக்கிற டேக்அப் ரோல்ல ஒட்டும்போதும் நடுவுல மொதல்ல டேப் போட்டுட்டு அப்புறம் ரெண்டு ஓரத்துக்கும் போடுங்க.

கேள்வி: வினைல்ல ஒன்றரை அடிக்கு ஒரு தடவ மெல்லிசா ஒரு கோடு வருது. ஸ்டெப் கேலிபரேஷன் (ஒவ்வொரு தடவையும் வினைல் எவ்வளவு நகரணும்ங்கிற அளவ சரிபண்றது) மூணு தடவ பண்ணிட்டேன், போகல.

பதில்: ஸ்டெப் தப்பா இருந்தா ஹெட் போய் வர்ற ஒவ்வொரு பாஸ்லயும் கோடு வரும் தங்கச்சி, ஒன்றரை அடிக்கு ஒருதடவன்னு வராது. ரோல ஒரு நூலால சுத்தி அளந்து பாருங்க, அரை அடி விட்டம் இருக்குற ரோல் ஒரு சுத்து கிட்டத்தட்ட ஒன்றரை அடிதான் வரும். சிமெண்ட் தரையில ரோல படுக்கப் போட்டு வச்சிருப்பீங்க, அதோட எடையிலயே அடிப்பக்கம் தட்டையா அமுங்கிப் போயிருக்கும், ஒவ்வொரு சுத்துலயும் அந்த இடம் வரும்போதுதான் கோடு விழுது. இந்த ரோல சின்ன ஸ்டிக்கர் வேலைக்கு வெட்டி ஓட்டிடுங்க. இனிமே ரோல அட்டைப்பெட்டிலயே நிக்க வைங்க, இல்ல உள்ள கம்பி விட்டுத் தொங்க விடுங்க. மழைக்காலத்துல கவர் பிரிச்ச ரோல அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போகாதீங்க, பின்னாடி இருக்குற பேப்பர் ஈரத்த இழுத்துக்கும்.

கேள்வி: உள்ள டியூப்லைட் வச்ச கடை போர்டுக்கு சாதா பிளக்ஸ் போட்டுக் குடுத்தேன், பகல்ல நல்லா இருக்கு, ராத்திரி லைட் போட்டா வெளுத்துப் போய் டியூப் டியூபா தெரியுது. கஸ்டமர் காசு தரமாட்டேங்குறாரு.

பதில்: அது ஃபிரன்ட்லிட், வெளிச்சம் முன்னாடி இருந்து விழுற இடத்துக்கு. உங்களுக்கு வேணும்கிறது பேக்லிட் பிளக்ஸ், அது வெளிச்சத்த உள்ளயே பரப்பி விடும், இங்க்கும் கூடுதல் பாஸ்ல அடர்த்தியா அடிக்கணும். மாத்திக் குடுத்துடுங்க, அவர் மேல தப்பில்ல. ஆர்டர் வாங்கும்போதே "எங்க மாட்டப் போறீங்க, எத்தன நாளைக்கு, லைட் எந்தப் பக்கம்"னு மூணையும் கேட்டு பில்லுலயே எழுதிக்கோங்க. கார், வேன் வளைவுல ஒட்டணும்னு சொன்னா வெல கம்மியான மோனோமெரிக் வினைல் குடுக்காதீங்க, வெயில்ல சுருங்கி ஓரம் வந்துடும், அவ்வளவா சுருங்காத காஸ்ட் (cast) வினைல்தான் நிக்கும். லேமினேஷன் போடுறதா இருந்தா பிரிண்ட் ஆகி ஒரு நாள் பிரிச்சு வைங்க, இங்க்ல இருக்குற சால்வென்ட் (கரைப்பான்) முழுசா வெளிய போகாம மேல ஃபிலிம் ஒட்டுனா பசை எளகி ஒரே வாரத்துல ஓரம் தூக்கும்.