அம்மாவின் இரண்டு மாத்திரைகள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 74 வயது. தானே புயலில் எங்கள் வீட்டு ஓடு எந்தப் பக்கம் பறந்தது, யார் வீட்டில் போய் ஒண்டினோம் என்று இன்றைக்கும் வரி விடாமல் சொல்வார். காலையில் மாத்திரை போட்டாரா என்றால் தெரியாது. ஞாபகத்துக்கு அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வேண்டுமாம்; அதைக் கூட்ட டோனெபெசில் தந்திருக்கிறார்கள். நடுவில் சிறுநீர் அடக்க முடியாமல் போனதால் இன்னொரு டாக்டரிடம் அதற்கும் மாத்திரை வாங்கினோம். இப்போது குழப்பம் அதிகம். டோபமைன் என்று இன்னொரு மூளை ரசாயனம் இருக்கிறதாமே, அதற்கும் ஏதாவது கொடுக்கலாமா?

வாசகி, கடலூர் முதுநகர்

அன்புள்ள வாசகிக்கு,

டோபமைன் இருக்கட்டும். நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தச் சிறுநீர் மாத்திரையில்தான் நான் நின்றுவிட்டேன்.

டோனெபெசில் அசிட்டைல்கோலினை உற்பத்தி செய்வதில்லை. அதைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அசிட்டைல்கோலின் மூளைக்கு மட்டும் சொந்தமில்லை. சிறுநீர்ப்பையைச் சுருங்கச் சொல்வதும் அதுதான். அதனால் சிலருக்கு இந்த மாத்திரையாலேயே சிறுநீர் அவசரம் வரும். அதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின் போன்ற மருந்துகள் அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்தையே அடைக்கின்றன, மூளைக்குள்ளும் போகின்றன. மோட்டாரைப் போட்டுவிட்டு மடையை அடைத்த கதை. ஊமத்தங்காய் தின்றவர் பிதற்றுவதும் இதே இடம் அடைபடுவதால்தான். சில பழைய சளி மாத்திரைகளும் இந்த வேலையைச் செய்யும்.

திருப்பாதிரிப்புலியூரில் என் பெரியப்பாவுக்கு பார்க்கின்சன். அந்த நோயில் டோபமைன் குறையும். அதனால் அசிட்டைல்கோலினின் கை ஓங்கும். அதை அடக்க டிரைஹெக்சிஃபெனிடில் கொடுத்தார்கள். கை நடுக்கம் அடங்கியது. ஆனால் மனுஷர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் சாவி தேடினார். வயசாகிவிட்டது என்றார் ஒரு டாக்டர். வேறொருவர் மருந்தை மெல்ல நிறுத்தியதும் தேடல் நின்றது, நடுக்கம் கொஞ்சம் திரும்பியது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது. டோபமைனும் அப்படித்தான். ஒரு விஷயத்தை மனதில் பிடித்துவைக்க நெற்றிப்பக்க மூளைக்கு அது வேண்டும். குறைந்தாலும் தடுமாறும், கூடினாலும் தடுமாறும். அதைக் கூட்டும் மருந்தால் வயதானவர்கள் சிலருக்கு இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதும் உண்டு.

சரி, புயல் மட்டும் எப்படி மறக்கவில்லை? 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் பயத்தில் நாரட்ரினலின் என்ற ரசாயனம் மூளையில் பாய்ந்திருக்கும். மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்றே பெயர் பெற்ற ஒரு சின்ன இடத்திலிருந்து அது வருகிறது. 'இதை விடாதே' என்று அது சொன்னால், குளுட்டமேட் என்ற இன்னொரு ரசாயனம் நரம்பிணைப்புகளை இறுக்கிவிடும். அதோடு அம்மா அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! காலை மாத்திரைக்கு அந்தப் பரபரப்பு ஏது?

நான் டாக்டர் இல்லை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வீட்டிலிருக்கும் அட்டைகள், இருமல் சிரப், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டர் முன்னால் கொட்டுங்கள். சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு அதுவும் குழப்பம் தரும்.

அப்புறம், ஓடு எந்தப் பக்கம் பறந்தது என்று நீங்கள் எழுதவில்லையே. அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.