பக்கத்து சைட்டு புதரா கிடக்குதா? ஜேசிபிய கூப்பிடறதுக்கு முன்னாடி பத்திரத்த எடுங்க

சேலம் சூரமங்கலத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்ட ஒட்டி ஒரு காலி மனை, அஞ்சு வருஷமா சீமைக்கருவேலமும் பார்த்தீனியமுமா கிடக்கு, குப்பைய வேற கொட்டறாங்க, போன மாசம் பாம்பு வந்துருச்சு, ஓனர் யாருன்னே தெரியல, நாங்களே ஜேசிபி விட்டு சுத்தம் பண்ணி கீரை போட்டுக்கலாமாங்கன்னு.

வேணாங்க்கா. எழுத்துல சம்மதம் இல்லாம உள்ள எறங்குனா நாளைக்கு ஓனர் வந்து ஆக்கிரமிப்புன்னு உங்க மேலயே புகார் குடுப்பாரு. நெருப்பும் வெக்காதீங்க.

மொதல்ல உங்க வீட்டு பத்திரத்துல செக்குபந்திய பாருங்க, நாலு பக்கமும் யாரோட மனை, என்ன நம்பர்னு அதுலயே இருக்கும், பாதி பேரு இத பாக்காமயே ஊரெல்லாம் விசாரிச்சுட்டு இருப்பாங்க. அந்த சர்வே நம்பர வெச்சு பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் (அந்த எடத்த யாரு யாருக்கு வித்தாங்கங்கற பதிவு) போட்டா கடைசியா வாங்குனவங்க பேரு வந்துரும். அப்படியே லேஅவுட் வரைபடத்தயும் ஒரு தடவ பாத்துருங்க, ஏன்னா பெரிய லேஅவுட்ல 10 சதவீதம் பொது இடமா விடணும், நீங்க காலி மனைன்னு நெனைக்கறது பூங்காவுக்கு விட்ட இடமா இருந்தா கத வேற, சுத்தம் பண்ண வேண்டியது மாநகராட்சியே.

தனியார் மனைன்னா மண்டல ஆபீஸ்ல சுகாதார ஆய்வாளர்கிட்ட போட்டோவோட மனு குடுங்க, கொசுன்னு தெளிவா எழுதுங்க. சும்மா "அசிங்கமா இருக்கு"ன்னு எழுதுனா எடுபடாது, தேங்கா தொட்டி, டயர்ல தண்ணி நிக்கறத படம் புடிச்சு வெச்சா டெங்கு விஷயமாயிரும், ஓனருக்கு நோட்டீஸ் போகும். ரசீது வாங்காம திரும்பாதீங்க.

நகரலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள். அதுலயும் நடக்கலன்னா ஆர்டிஓகிட்ட (வண்டி ஆர்டிஓ இல்லீங்க, கோட்டாட்சியர்) பிஎன்எஸ்எஸ் 152ன்னு போட்டு மனு குடுக்கலாம், புது குற்றவியல் நடைமுறை சட்டத்துல பொது தொல்லைய அகற்ற உத்தரவு போடற பிரிவு, பழைய சிஆர்பிசி 133 தான் அது. 1980ல மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சி கேஸ்ல, காசில்லன்னு சொல்லி நகராட்சி கடமைல இருந்து நழுவ முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இந்த பிரிவுல தான், பூங்கா இடமா இருந்தா இத மறக்காம எழுதுங்க.

சுத்தம் பண்ணுனதும் சும்மா விட்டா மறுபடி ஒரே மாசத்துல குப்பைமேடு தான். அமெரிக்கால பிலடெல்பியால 541 காலி மனைய வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, அங்க செஞ்சது பெரிசா ஒண்ணுமில்ல, குப்பைய அள்ளி, புல்லு போட்டு, நாலு மரம் நட்டு, இடுப்பளவு கட்டை வேலி. அத பாத்தா யாரோ இந்த எடத்த பாத்துக்கறாங்கன்னு தெரியுதுல்ல, குப்பை கொட்ட யோசிப்பாங்க. ஓனர் போன்ல கெடச்சா அந்த வேலிய மட்டுமாவது கேட்டு வாங்கிருங்க்கா.