“நல்ல பிள்ளை” என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? – கேள்வி பதில்

ஞாயிறு பள்ளியில் எனக்கு இது 28ஆவது வருஷம். பாலர் வகுப்பில் தொடங்கி இப்போது வாலிபப் பிள்ளைகளோடு இருக்கிறேன். வீட்டிலும் மூன்று பேரை வளர்த்திருக்கிறேன். அவர்களிடம் விசாரித்தால் நான் செய்த தவறுகளின் பட்டியலே கிடைக்கும். பிள்ளைகளைப் பாராட்டுவது பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, என் மகளுக்கு ஆறு வயது. தம்பிக்குப் பொம்மையைக் கொடுத்தால்கூட உடனே ஓடி வந்து, “அம்மா, நான் நல்ல பிள்ளைதானே?” என்பாள். நானும் “ஆமாண்டா செல்லம்” என்பேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கிறது. சரிதானா?

அவள் பாராட்டுக்காகக் கேட்கவில்லையம்மா. “என்னை உனக்குப் பிடிக்கும்தானே?” என்று உறுதிப்படுத்திக்கொள்கிறாள். ஒவ்வொரு செயலுக்கும் “நல்ல பிள்ளை” பட்டம் கிடைத்தால், தம்பியை அடித்த அன்று பட்டம் போய்விட்டதா என்ற பயமும் கூடவே வரும்.

இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியபோது வானத்திலிருந்து வந்த சத்தத்தை நினைத்துப் பாருங்கள்: “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” (மத்தேயு 3:17). அதுவரை அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு வியாதியஸ்தனையும் குணமாக்கவில்லை. பிரியம் முதலில், ஊழியம் பிறகு. நாம்தான் வீட்டில் இதைத் தலைகீழாக்குகிறோம்.

அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். “நீ என் பிள்ளை, உன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்” என்பதை அவள் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போது சொல்லுங்கள். தலை வாரும்போது சொல்லலாம், தூங்க வைக்கும்போது சொல்லலாம். செயலைப் பற்றிப் பேசும்போது கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “தம்பி அழுததைப் பார்த்ததும் பொம்மையை நீட்டினாய். அவன் அழுகையை நிறுத்திவிட்டான்.” அவ்வளவுதான்.

எங்கள் வகுப்பில் இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் “சாட்சி சொல்வது”. சபையில் எழுந்து சாட்சி சொல்பவர் கண்டதையும் கேட்டதையும் சொல்கிறார். கடவுளுக்கு மார்க் போடுவதில்லை. பிள்ளையிடமும் அப்படியே. கீழே பல பதில்களில் இதையேதான் வேறு வேறு விதமாகத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர், பாராட்டினால் பிள்ளைக்குத் தலைக்கனம் வரும். என் அப்பா என்னை ஒரு முறைகூடப் பாராட்டியதில்லை. நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பெருமை பாவம் என்றுதானே வேதம் சொல்கிறது?

பிரதர், உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. “வெள்ளிக்குக் குகையும், பொன்னுக்குப் புடமும் சோதனை, மனுஷனுக்கு அவனுக்கு உண்டாகும் புகழ்ச்சியே சோதனை” (நீதிமொழிகள் 27:21). புகழ்ச்சி என்பது நெருப்பு மாதிரி என்று வேதமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் நெருப்பே இல்லாமல் பொன்னைப் புடமிட முடியாதே.

வேதம் கண்டிப்பது முகஸ்துதியை. அதில் பேசுகிறவனுக்கு ஆதாயம் இருக்கும், சொல்லப்படுவது உண்மையாகவும் இருக்காது. இயேசு சொன்ன தாலந்து உவமையில் எஜமான், தான் ஒப்படைத்த பணத்தைப் பெருக்கிய ஊழியக்காரனிடம் “நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே, கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்” என்கிறாரே, அது நடந்ததைச் சொல்வது. இன்னொரு வசனம் தகப்பன்மாருக்கென்றே எழுதப்பட்டிருக்கிறது: “பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்” (கொலோசெயர் 3:21). திடனற்றுப்போவது என்றால் “நான் என்ன செய்தாலும் இவருக்குப் போதாது” என்று உள்ளுக்குள் ஒரு பிள்ளை கையை விரித்துவிடுவது. குறை மட்டுமே கேட்டு வளர்கிற பிள்ளை அங்கேதான் போய் நிற்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அப்பா ஒரு முறைகூடப் பாராட்டவில்லை என்று இத்தனை வருஷம் கழித்தும் கணக்கு வைத்திருக்கிறீர்களே.

மனப்பாட வசனம் சொன்னால் ஒரு ஸ்டிக்கர், ஜெபித்தால் ஒரு ஸ்டிக்கர், பத்துச் சேர்ந்தால் ஒரு பரிசு என்று சுவரில் அட்டை ஒட்டியிருக்கிறேன். நன்றாக வேலை செய்கிறது. தொடரலாமா?

நானும் வகுப்பில் நட்சத்திர அட்டை வைத்திருந்தவள்தான். என் அட்டை கிழிந்த கதையைச் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பெண் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. “அவளுக்காக யார் ஜெபிக்கிறீர்கள்?” என்று கேட்டேன். முன்வரிசைப் பையன் கையைத் தூக்கி, “இதுக்கு எத்தனை ஸ்டார் டீச்சர்?” என்றான். அவன்மேல் தப்பில்லை. ஜெபத்துக்கு விலை உண்டு என்று கற்றுக்கொடுத்தது நான்.

இதைப் பற்றிப் பேர்போன ஓர் ஆய்வு உண்டு. மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் 1973இல் வெளியிட்டது. தானாகவே ஆசையாகப் படம் வரைகிற மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பேனாக்களை மறுபடி வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். முன்னால் எதுவும் சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு அந்த ஆசை குறையவில்லை. கெடுத்தது பரிசு அல்ல, “செய்தால் தருவேன்” என்ற பேரம்.

பல் துலக்க, படுக்கையை மடிக்க அட்டை வைத்துக்கொள்ளுங்கள். அவை பழக்கங்கள், கொஞ்ச நாளில் அட்டையை எடுத்துவிடலாம். ஜெபத்துக்கும் இரக்கத்துக்கும் உண்மை பேசுவதற்கும் வைக்காதீர்கள். வசனப் போட்டியா? வருஷத்துக்கு ஒரு தடவை நடத்தினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாராட்டலாம்?

எண்ணாதீர்கள். உண்மையாகக் கண்ணில் பட்ட ஒன்று போதும். எதுவும் படாத நாளில் எதையும் சொல்ல வேண்டாம்.

டீச்சர், “செயலைப் பாராட்டு, ஆளைப் பாராட்டாதே” என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அப்படியானால் “நீ இரக்கமுள்ளவன்” என்று மகனிடம் சொல்லவே கூடாதா? வயது எட்டு.

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. அந்த அறிவுரை பெரும்பாலும் 1998இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர்களைச் சரியாகச் செய்ததும் சிலரிடம் “நீ புத்திசாலி” என்றார்கள், சிலரிடம் “நன்றாக முயன்றிருக்கிறாய்” என்றார்கள். பிறகு கடினமான புதிர்கள் கொடுத்தார்கள். “புத்திசாலி” என்று கேட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது கூட்டி எழுதியவர்களும் அவர்களில்தான் அதிகம். நற்குணத்தைப் பற்றிப் பேசும் நமக்கு இது முக்கியம். தப்பான பாராட்டு பொய்யில் கொண்டுபோய் விடுகிறது.

ஆனால் அது புத்தியைப் பற்றியது. குணத்தின் கதை வேறு. 1980இல் ஜோன் குரூசெக்கும் எரிக்கா ரெட்லரும் வேறொன்றைப் பார்த்தார்கள். விளையாட்டில் ஜெயித்ததை ஏழைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தவர்களில் சிலரிடம் “நல்ல காரியம் செய்தாய்” என்றார்கள். சிலரிடம் “நீ பிறருக்கு உதவ விரும்புகிற ஆள்போல” என்றார்கள். எட்டு வயதுக்காரர்களில் இரண்டாவது வார்த்தையைக் கேட்டவர்களே பின்பு வேறு சந்தர்ப்பங்களிலும் அதிகமாக உதவினார்கள். அதைவிடச் சிறியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. “நான் எப்படிப்பட்ட ஆள்?” என்று ஒரு பிள்ளை யோசிக்கத் தொடங்கும் வயது உங்கள் மகனுடையது. அப்போது காதில் விழுகிற பெயர் ஒட்டிக்கொள்கிறது.

வேதத்திலும் பாருங்கள். நாத்தான்வேல் தம்மிடம் வருவதைக் கண்டதும் இயேசு, “இதோ, கபடற்ற உத்தம இஸ்ரவேலன்” என்றார். ஆளைத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் அவன் சந்தோஷப்படக்கூட இல்லை, “நீர் என்னை எப்படி அறிவீர்?” என்று கேட்டான். அத்திமரத்தின் கீழ் அவனைக் கண்டதை அவர் சொன்ன பிறகுதான் அவன் மனம் திறந்தது. பிள்ளைகளும் அந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும். ஆகவே குணத்தின் பெயரைச் சொல்லுங்கள், அத்திமரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “புதிதாக வந்த பையன் தனியாக நின்றபோது போய்ப் பேசினாயே, அதில் உன் இரக்கம் தெரிந்தது.”

பெயர்கள் வேண்டுமென்றால் கலாத்தியர் 5:22–23இல் ஒன்பது கிடைக்கும். “சூப்பர்” என்ற ஒரே வார்த்தையை வைத்து ஓட்டுகிற வீட்டில் நீடியபொறுமை, சாந்தம், இச்சையடக்கம் எல்லாம் பேச்சில் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அது ஆவியின் கனி என்பதால் பெருமைக்கும் இடம் குறைவு. கனி கண்டவன் மரத்தை மட்டுமா புகழ்வான்?

மூத்தவள் சொன்ன பேச்சைத் தட்டமாட்டாள். இளையவன் எங்கள் வீட்டுப் புயல். பாராட்டெல்லாம் அவளுக்கே போகிறது. பொய் சொல்லி அவனைப் பாராட்டவா?

பொய் வேண்டாம், அவன் கண்டுபிடித்துவிடுவான். அளவுகோலை மாற்றுங்கள். மேலே சொன்ன உவமையில் ஐந்து தாலந்து பணம் சம்பாதித்தவனுக்கும் இரண்டு தாலந்து சம்பாதித்தவனுக்கும் எஜமான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஒரே பாராட்டு. மத்தேயு 25இல் 21ஆம் வசனத்தையும் 23ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் புயல் கையை ஓங்கி, பிறகு அடிக்காமல் இறக்கினானா? அவனுக்கு அது இரண்டு தாலந்து. “கோபம் வந்தது, ஆனாலும் நிறுத்திக்கொண்டாய், பார்த்தேன்” என்று சொல்லுங்கள். அமைதியான அக்காவுக்கு அது தேவையே இல்லாத போராட்டம்.

“அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்” என்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். இரட்டைப் பிள்ளைகளில் ஏசாவின்மேல் அப்பா ஈசாக்கும் யாக்கோபின்மேல் அம்மா ரெபெக்காளும் பட்சம் வைத்த வீடு பகையில் உடைந்தது நமக்குத் தெரியும். அந்த யாக்கோபே பின்னால் ஒரு மகனுக்கு மட்டும் பலவருண அங்கி செய்துகொடுத்தான்.

மூத்தவளையும் கவனியுங்கள். எப்போதும் அடங்கிப்போகிற பிள்ளை சில நேரம் பயத்தினால் அடங்கிப்போகும். அவள் ஒரு நாள் “எனக்கு இது பிடிக்கவில்லை” என்று மரியாதையாகச் சொன்னால் அதையும் பாராட்டுங்கள்.

மகன் கண்ணாடியை உடைத்துவிட்டுத் தானாகவே வந்து ஒப்புக்கொண்டான். பாராட்டுவதா, தண்டிப்பதா? நானும் கணவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இரண்டும்தான், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். முதலில் உண்மை: “யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் வந்து சொன்னாய். அதற்குத் தைரியம் வேண்டும்.” அங்கே நிறுத்திவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, உடைந்ததை எப்படிச் சரிசெய்யலாம் என்று அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். சேமிப்பிலிருந்து ஒரு பங்கு கொடுக்கட்டும், அல்லது அதற்கீடாக ஒரு வேலை செய்யட்டும். உண்மை சொன்னதால் அடி இல்லை. ஆனால் கண்ணாடி உடைந்தது உடைந்ததுதான்.

நாம் செய்கிற தப்பு அந்த “ஆனால்”. “உண்மை சொன்னது நல்லதுதான், ஆனால் உனக்கு எத்தனை தடவை சொல்வது” என்று தொடங்கினால் பிள்ளை முதல் பாதியைக் கேட்டிருக்கவே மாட்டான். எபேசு சபைக்கு ஆண்டவர் எழுதியதிலும் “ஆனாலும்” வருகிறதே என்று ஒரு சகோதரர் என்னை மடக்கியிருக்கிறார். வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் செய்த பிரயாசமும் பொறுமையும் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. அந்த நிதானம் நமக்கு வரட்டும், பிறகு “ஆனாலும்” சொல்லலாம்.

விருந்தினர் வந்தால் எங்கள் பாப்பா தேவதை. அவர்கள் போனதும் வேறு ஆள். ஆட்கள் பார்த்தால் மட்டும்தான் நல்லவளாக இருக்கிறாள்.

விருந்தினர் முன்னால் யார் அவளைப் புகழ்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற வார்த்தையை விளையாட்டாக்கிவிடுங்கள்: வாரம் ஒரு நாள், வீட்டில் ஒருவருக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு உதவி. கண்டுபிடித்தாலும் சொல்லக் கூடாது. சின்னப்பிள்ளைகளுக்கு ரகசியம் என்றால் உயிர். அந்தரங்கத்தில் நன்மை செய்யும் ருசி ஒரு தடவை பிடித்துவிட்டால் போதும்.

பேத்திக்கு 14 வயது. என்ன பாராட்டினாலும் “சும்மா சொல்லாதீங்க தாத்தா” என்று எழுந்து போய்விடுகிறாள்.

ஐயா, அந்த வயதில் எல்லாரும் அப்படித்தான். நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம், “உன்னைப்போல உலகத்திலேயே யாரும் இல்லை” என்பதை அவள் நம்பமாட்டாள். பாராட்டுக்குப் பதில் யோசனை கேளுங்கள்: “இந்த விஷயத்தில் நீ நியாயமாகப் பேசுவாய், என்ன செய்யலாம் சொல்லு.” கேட்டபடி செய்யவும் செய்யுங்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்கு இல்லை.

என் மகனுக்கு 26 வயதாகிவிட்டது. அவனை நான் பாராட்டியதே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. வேறு ஊரில் வேலை. போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டான். இனிமேல் சொல்லி என்ன பயன்?

சொல்லுங்கள் அண்ணா. “நீ நல்ல மகன்” என்று பொதுவாகத் தொடங்கினால் அவனுக்குச் சங்கடமாக இருக்கும். உங்களுக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்தும்விடுவான். பழைய காட்சி ஒன்றை எடுங்கள். அவன் பத்து வயதிலோ பதினைந்து வயதிலோ செய்த ஏதோ ஒன்று, நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்ட ஒன்று, நிச்சயம் இருக்கும். எந்த நாள், எங்கே, அவன் என்ன செய்தான் என்று எழுதுங்கள். “அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை” என்று ஒரு வரி சேருங்கள். பேச வராவிட்டால் மெசேஜாக அனுப்பிவிடுங்கள்.

பதில் உடனே வராமல் போகலாம். “பார்த்தாயா?” என்று திரும்பக் கேட்காதீர்கள்.